காபிக்குப் போகாதவள்

அக்டோபர் 14, செவ்வாய்

பலகையில் இன்று மூன்று புதிய தாள்கள். கடமானின் கடைவாய்ப்பல் தேய்வது பற்றி ஒன்று. இருட்டு மாதங்களில் பிறந்த குழந்தைகளின் தூக்கம் பற்றி ஒன்று. மூன்றாவது, பழைய தேவாலய மணிகளில் வெள்ளீயம் எவ்வளவு கலந்திருக்கிறது என்று. இந்தப் பல்கலைக்கழகம் எதைத்தான் விட்டுவைத்தது என்று தினமும் அந்தப் பலகையின் முன் நின்று சிரித்துக்கொள்வேன்.

சுவீடனில் பஸ் டிக்கெட்டிலிருந்து கல்யாணப் பதிவு வரை எல்லாம் ஃபோனில்தான். முனைவர் பட்டத்துக்கு மட்டும் ஆணி. ஆய்வேட்டை முடித்தவர்கள் அதன் முதல் பக்கத்தைத் தரைத்தளத்து மரப்பலகையில் சுத்தியலால் அடிக்க வேண்டும். அடித்து மூன்று வாரம் கழித்துத்தான் அவையில் வாதாட முடியும். அந்த மூன்று வாரமும் யார் வேண்டுமானாலும் படித்துவிட்டுத் தப்பு கண்டுபிடிக்கலாம். அடித்த பிறகு ஓர் எழுத்தைக்கூட மாற்றக் கூடாது. எனக்கு இந்த ஊரில் பிடித்த ஒரே வழக்கம் இதுதான்.

என் தாள் பிப்ரவரியில் ஏறும். ஆற்றில் வாழும் பெர்ச் மீன்கள் ஒரு நாளில் இரண்டு முறை ஓய்வெடுக்கின்றன, காலையில் ஒன்று, மதியத்தில் ஒன்று. செவுள் அசைவு பாதியாகக் குறைந்துவிடும். அவற்றின் உடம்புக்குள்ளேயே அப்படி ஒரு கடிகாரம் இருக்கிறது என்று இருபத்திரண்டு வருடத்துக்கு முன் கண்டுபிடித்தவர் என் வழிகாட்டி ஹோகன். பாடப்புத்தகத்தில் 'இரட்டை ஓய்வு' என்று அவர் பெயரோடு வருகிறது. இங்கே பேராசிரியரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். வாய் ஹோகன் என்னும், மனசு பின்னால் ஒரு சார் போட்டுக்கொள்ளும்.

ஒன்பதரைக்கும் இரண்டரைக்கும் கட்டடமே காலியாகிவிடும். ஃபீகா என்பார்கள். காபி, இலவங்கப்பட்டை ரொட்டி, அரட்டை. நான்கு வருடமாக நான் போவதில்லை. எனக்குக் காபி அவ்வளவாகப் பிடிக்காது. அந்த நேரத்தில் என் மூலையில் உட்கார்ந்து அமைதியாக எழுதலாம்.

அக்டோபர் 15, புதன்

அம்மா அனுப்பிய காபித்தூள் இன்னும் ஒரு வாரம் வந்தால் அதிகம். காலையில் ஒரு டம்ளர், ராத்திரி சோற்றுக்கு முன் ஒரு டம்ளர் என்று குறைத்தாயிற்று. துணி துவைத்தேன். காயவில்லை.

அக்டோபர் 17, வெள்ளி

மூன்றாம் தொட்டி மறுபடி சதி செய்கிறது. சில நாட்களில் காலை ஓய்வே இல்லை. நான்கு வருடமாக இந்தக் 'கெட்ட நாட்கள்' அங்கங்கே வந்துகொண்டிருக்கின்றன. ஹோகனிடம் முன்பே கேட்டிருக்கிறேன். உயிருள்ள மீன் என்றால் அப்படித்தான், அந்த நாட்களை நீக்கிவிடு என்றார். நானும் நீக்கினேன்.

ஒன்பதரைக்கு அம்மா தூத்துக்குடியிலிருந்து அழைத்தாள். அங்கே அது மதியச் சாப்பாட்டு நேரம்.

"ஏட்டி, மீனு தூங்குதான்னு பாக்கதுக்கு நாலு வருசமா? நம்ம ஊரு மார்க்கெட்ல வந்து பாரு, அம்புட்டும் தூங்கிக்கிட்டுதான் கெடக்கு."

"அது செத்த மீனும்மா."

"பேச்ச மாத்தாத. ரோச்மா நகர்லருந்து ஒரு சம்பந்தம் வந்திருக்கு. பையன் கப்பல்ல இருக்கான்."

அதற்குப் பிறகு நடந்தது சண்டை. சண்டை போடும்போது என்னால் உட்கார முடியாது. தொட்டிகளுக்கு நடுவே மேலும் கீழும் நடந்தேன். இங்கே ஆய்வகத்தில் எல்லோருக்கும் மரச்செருப்புதான், மரத்தரை வேறு. என் கோபம் எனக்கே கேட்டது.

அக்டோபர் 26, ஞாயிறு

கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளியாயிற்று. இனி மார்ச் கடைசி வரை குளிர்கால நேரம். மூன்று மணிக்கே இருட்டப் போகிறது.

அக்டோபர் 28, செவ்வாய்

இதை மெதுவாக எழுத வேண்டும்.

தொட்டிகளைப் பதிவு செய்யும் என் கணினிக்கு அரசாங்கம் கடிகாரத்தை மாற்றியது தெரியாது. தானாக நேரம் மாற்றிக்கொள்ளாதபடி நான்தான் அமைத்தேன். தொட்டி விளக்குகளும் அதோடுதான் எரிந்து அணையும். மீன்களைப் பொறுத்தவரை ஞாயிற்றுக்கிழமை எதுவுமே மாறவில்லை.

ஆனால் நேற்றும் இன்றும் அவை ஓய்வெடுத்தது கணினி நேரத்தில் ஒரு மணி நேரம் தள்ளி. இரண்டு ஓய்வும்.

உடம்புக்குள் இருக்கும் கடிகாரம் ஒரே ராத்திரியில் ஒரு மணி நேரம் நகராது. விமானத்தில் வந்திறங்கிய எனக்கே ஒரு வாரம் ஆயிற்று. சுவீடன் அரசாங்கத்தின் உத்தரவு இந்த மீன்களுக்கு எப்படித் தெரிந்தது? மற்ற வருடங்களில் கடிகாரம் மாறும் வாரத்தில் தொட்டி கழுவ மூடிவிட்டு, திறக்கும்போது கணினியைப் புது நேரத்துக்கு வைப்போம். இந்த முறை நான் முடிக்கும் அவசரத்தில் மூடவில்லை. இருபத்திரண்டு வருடத்துக்கு முந்தைய பதிவுகளில் சுவர்க் கடிகாரம்தான் கணக்கு, அதில் இது தெரிய வழியே இல்லை.

ஒன்பதரை. இரண்டரை. சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இரவு சாப்பிடவில்லை, பசிக்கவுமில்லை.

அக்டோபர் 29, புதன்

பதிவுகளைக் கணக்கிடும் எங்கள் கணினி நிரல் சனி ஞாயிறுகளைத் தானாகத் தூக்கிப் போட்டுவிடும். ஹோகன் காலத்திலிருந்தே அப்படி, ஏனென்றால் இங்கே சனி ஞாயிறு யாரும் வேலைக்கு வர மாட்டார்கள். தூக்கிப் போட்டதை எல்லாம் இன்று திறந்து பார்த்தேன். சனி ஞாயிறுகளில் இரட்டை ஓய்வு இல்லை. பகல் முழுவதும் ஓய்வுதான்.

கெட்ட நாட்களையும் பார்த்தேன். ஃபோனில் அழைப்புகள் இருந்த நாட்களோடு ஒப்பிட்டேன். எல்லாம் நானும் அம்மாவும் சண்டை போட்ட நாட்கள்.

நவம்பர் 5, புதன்

ஒன்பதரைக்கு எல்லோரும் போனதும் மரச்செருப்பை மாட்டிக்கொண்டு தொட்டிகளைச் சுற்றி நடந்தேன். நடந்தேன் என்பது மரியாதைக்கு, உண்மையில் குதித்தேன். பாதியில் கதவு திறந்தது. சிக்னே. பக்கத்து அறையில் பனிக்கடியில் எலிகள் தோண்டும் வழிகளை ஆராய்பவள், என் வயதுக்காரி, தன் குவளையை மறந்துவிட்டு எடுக்க வந்திருக்கிறாள்.

"ஜெசிந்தா, உடம்பு சரியா இருக்கா?"

"திரையைப் பாரு. செவுள் குறையுதா?"

பார்த்தாள். குறையவில்லை. மீன்கள் விறைப்பாக நின்றுகொண்டிருந்தன.

"இப்போ வெளியே போய் நிற்போம்," என்றேன். கதவுக் கண்ணாடி வழியே திரையைப் பார்த்தபடி நின்றோம். பத்து நிமிடத்தில் எல்லா மீன்களும் ஓய்வெடுக்கத் தொடங்கின. சிக்னே திரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. மீன்களுக்கு எந்தக் கடிகாரமும் இல்லை. நாம் தடதடவென்று நடப்பதை நிறுத்தும்போது அவை நிம்மதியாக மூச்சு விடுகின்றன, அவ்வளவுதான். ஃபீகா நேரத்தில் இந்தக் கட்டடத்தில் என்னைத் தவிர யாருமே ஆய்வகத்தில் இருந்ததில்லை. போகாமல் இருப்பது மரியாதைக் குறைவு. அதனால் இருபத்திரண்டு வருடமாக அதைப் பார்க்க ஓர் ஆள் இல்லை.

"இதை ஹோகன்கிட்ட சொல்லப் போறியா?" என்றாள்.

"வேற யார்கிட்ட சொல்ல?"

நவம்பர் 18, செவ்வாய்

துறைக் கூட்டத்தில் எழுந்து, ஒரே ஒரு வாரம் ஃபீகாவைப் பத்தரைக்கு மாற்ற முடியுமா, ஒரு சோதனைக்காக, என்று கேட்டேன். மூத்த உதவியாளர் ஒருவர், கோர்ட்டில் தீர்ப்பு கேட்டவர் போல, "ஒரு மணி நேரமா?" என்றார். தொழிற்சங்கத்தைக் கேட்க வேண்டும் என்றார் இன்னொருவர். நாற்பது நிமிடம் விவாதித்தார்கள். அந்தக் கூட்டத்திலேயே மிக நீண்ட விவாதம் அதுதான். முடியாது என்று முடிவாயிற்று.

பரவாயில்லை. நான் குதித்தே நிரூபிப்பேன். இன்றோடு ஒன்பது நாள் குதித்தாயிற்று, கெண்டைக்கால் கல்லாகிவிட்டது.

டிசம்பர் 3, புதன்

ஹோகனிடம் எல்லா வரைபடங்களையும் காட்டினேன். முதலில் சிரித்தார். கடிகார மாற்றத்தைக் காட்டியபோது சிரிப்பை நிறுத்தினார். சனி ஞாயிறைக் காட்டியபோது கண்ணாடியைக் கழற்றி ஸ்வெட்டரில் துடைத்தார். "பார்க்கலாம்," என்று மட்டும் சொன்னார்.

நான் இந்த ஊருக்கு வந்த ஜனவரி ராத்திரி, மைனஸ் இருபத்தாறு டிகிரியில் விமான நிலையத்தில் என்னை அழைக்க அவரே வந்திருந்தார். கையில் அவர் மகளின் பழைய குளிர்க்கோட்டு. "உன்னிடம் இருப்பது போதாது," என்றார். நான்கு குளிர்காலமாக அதைத்தான் போட்டிருக்கிறேன். இதை ஏன் இன்று எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

இதையெல்லாம் வைத்து ஆய்வேட்டின் நான்காம் அத்தியாயம் எழுதத் தொடங்கிவிட்டேன்.

டிசம்பர் 24, புதன்

ஆய்வகத்தில் என்னையும் மீன்களையும் தவிர யாரும் இல்லை. மீன்கள் ஓய்வில். கேக் வாங்கினேன், சுமார்.

ஜனவரி 9, வெள்ளி

பல்கலைக்கழகத்தின் ஆய்வு ஆண்டுமலருக்காகத் தகவல் பிரிவிலிருந்து ஒரு பெண் கேமராவோடு வந்தாள். மரத்தூளிலிருந்து துணி, இதயத்துக்கு ஒட்டும் பசை, பனியில் முதியவர்கள் வழுக்கி விழும் விதம், அப்புறம் எங்கள் மீன்கள். எழுதியே கொண்டுவந்திருந்தாள்: 'மீன்களின் இரட்டை ஓய்வை இன்றும் ஆழமாக ஆராய்கிறார் ஜெசிந்தா.' நான் தொட்டி பக்கத்தில் நின்று புன்னகைக்க வேண்டுமாம்.

"இரட்டை ஓய்வு கிடையாது," என்றேன்.

"அப்போ மூணு ஓய்வா?"

விளக்கினேன். அவள் முகம் வாடிவிட்டது. கொஞ்சம் பூசினாற்போல எழுதலாமா என்று கேட்டாள். முடியாது, இருப்பதை எழுதுங்கள், இல்லாவிட்டால் என் படத்தைப் போடாதீர்கள் என்றேன். எங்கள் பக்கத்தைக் கடமான் பல்லுக்குக் கொடுத்துவிட்டார்களாம். கடமான் நன்றாக இருக்கட்டும்.

ஜனவரி 15, வியாழன்

ஹோகன் அறைக்குக் கூப்பிட்டார். கதவைச் சாத்தினார். இங்கே யாரும் கதவைச் சாத்துவதில்லை.

"மூணு அத்தியாயம் போதும், ஜெசிந்தா. நாலாவதை எடுத்துடு. பட்டம் வாங்கிக்கோ."

"மூணாவது அத்தியாயத்துல இரட்டை ஓய்வு உறுதின்னு நானே எழுதியிருக்கேன். நாலாவது இல்லைன்னா அது பொய்."

"பொய் இல்ல. முழுமையா இல்ல. அவ்வளவுதான்." குரலை உயர்த்தவில்லை. இவர் உயர்த்தவே மாட்டார். "ஜூன்ல நான் ஓய்வு பெறுறேன். ஏப்ரல்ல ஒரு கருத்தரங்கு, இரட்டை ஓய்வு பற்றி, அஞ்சு நாட்டுலருந்து வர்றாங்க. ஏப்ரல்லருந்து ரெண்டு வருஷத் திட்டம் ஒண்ணும் இருக்கு. அந்த வேலை உனக்குத்தான்னு சொல்லியிருக்கேன்."

"இல்லாத ஓய்வை ரெண்டு வருஷம் ஆராயவா?"

அவர் ஜன்னலைப் பார்த்தார். "இது சேர்ந்தா நான் சம்மதிக்க மாட்டேன். என் சம்மதம் இல்லாமலும் நீ அவைக்குப் போகலாம், விதி இருக்கு. குழு தோற்கடிச்சா பட்டம் இல்ல. இங்க தங்குற உன் அனுமதி முடிஞ்சா இந்த நாடும் இல்ல. யோசிச்சுப் பாரு."

யோசிக்க என்ன இருக்கிறது? எழுந்தேன். கோட்டைக் கழற்றி அவர் அறைக் கொக்கியில் மாட்டிவிட்டு வந்தேன். வீடு வரை ஸ்வெட்டரோடு நடந்தேன். காது உறைந்துவிட்டது. கோபம் கொஞ்சமும் உறையவில்லை.

ஜனவரி 16, வெள்ளி

காலையில் வந்தபோது கோட்டு என் நாற்காலியில் தொங்கிக்கொண்டிருந்தது. சீட்டு எதுவும் இல்லை.

அம்மாவிடம் சொன்னேன். பட்டம் போகலாம், வேலை போய்விட்டது, திரும்பி வர வேண்டியிருக்கலாம் என்றேன். கப்பல்காரனைப் பற்றி ஆரம்பிப்பாள் என்று காத்திருந்தேன்.

"அவுக நல்ல மனுசன்தான?"

"நல்லவர்தாம்மா. அதுதான் பிரச்சினையே."

"நல்லவுகன்னா நீ பாத்தது பாக்காததா ஆயிருமா? நீ பாத்தத நீ சொல்லு. தோத்தா வா. சோறு இருக்கு." கொஞ்சம் கழித்து, "வந்தா கப்பல்காரன பாக்கணும், சொல்லிட்டேன்," என்றாள்.

அதற்கும் சேர்த்து ஜெயிக்க வேண்டும்.

ஜனவரி 19, திங்கள்

வழிகாட்டியின் சம்மதம் இல்லாமல் அவைக்குப் போகிறேன் என்று அலுவலகத்தில் பதிவு செய்தேன். அங்கே இருந்த பெண்மணி, இதற்கு முன் யாரும் இப்படிக் கேட்டதில்லை என்று மேலதிகாரியைக் கூப்பிட்டாள். அவர் விதிப்புத்தகத்தைப் படித்துவிட்டு மூச்சை உள்ளுக்கு இழுத்தார், 'ஷ்ஷுப்' என்று.

வடக்கு சுவீடனில் அதற்கு 'ஆமாம்' என்று பொருள். வந்த புதிதில் வீட்டுக்காரருக்கு ஆஸ்துமா என்று நினைத்துத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன்.

பிப்ரவரி 24, செவ்வாய்

அடித்துவிட்டேன்.

எங்கள் துறையில் ஒரு வழக்கம் உண்டு. மாணவர் சுத்தியல் ஓங்கும்போது தாளை வழிகாட்டி விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். உன்மேல் எனக்கு நம்பிக்கை இருக்கிறது என்று பொருள். பத்து நிமிடம் காத்திருந்தோம். ஹோகன் வரவில்லை. சிக்னே, "நான் பிடிக்கிறேன்," என்றாள். வேண்டாம் என்று நானே பிடித்தேன். இடது கையில் தாளும் ஆணியும், வலது கையில் சுத்தியல். முதல் அடி கட்டைவிரலில். இரண்டாவது ஆணியில். மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது எல்லாம் ஆணியில்தான், தேவைக்கு மேலேயே அடித்தேன். கடமான் பல்லுக்கும் தேவாலய மணிக்கும் நடுவே இருக்கிறது என் தாள், ஓரத்தில் கொஞ்சம் ரத்தத்தோடு. நான்கு அத்தியாயங்கள்.

வேடிக்கை பார்த்தவர்கள் கைதட்டினார்கள். ஒன்பதரை ஆனதும் எல்லோரும் காபிக்குப் போனார்கள். நான் ஆய்வகத்துக்குப் போனேன். விரல் வீங்கியிருக்கிறது.

மார்ச் 20, வெள்ளி

அவையில் நிற்க இடமில்லை. இரட்டை ஓய்வு இல்லை என்ற செய்தி மூன்று வாரத்தில் எங்கெங்கோ போயிருக்கிறது. ஹோகன் முதல் வரிசையில், கோட்டும் டையுமாக. வழிகாட்டி வரத்தான் வேண்டும். என்னைப் பார்க்கவில்லை.

என்னை எதிர்த்துக் கேள்வி கேட்க நார்வேயிலிருந்து ஒரு பேராசிரியர், அறுபது வயதுப் பெண்மணி. இரண்டு மணி நேரம் என்னைப் பிழிந்து எடுத்தார். தரையின் அதிர்வு, தண்ணீரின் வெப்பம், கணினியின் நேரம், ஒன்றையும் விடவில்லை. நானும் விடவில்லை. குதித்த நாட்களைப் பற்றிக் கேட்டபோது அவை சிரித்தது. நான் சிரிக்காமல், எத்தனை முறை எந்தச் செருப்போடு என்று பதில் சொன்னேன்.

கடைசியாகக் கேட்டார்: "இருபத்திரண்டு வருஷம் இந்த ஆய்வகத்துல நல்ல ஆராய்ச்சியாளர்கள் இருந்திருக்காங்க. அவங்க பார்க்காததை நீங்க எப்படிப் பார்த்தீங்க?"

"நான் காபிக்குப் போகல."

"ஏன் போகல? வேலை அதிகமா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். காபி பிடிக்காது என்று சொல்லியிருக்கலாம், நான்கு வருடமாகச் சொன்னதுதானே.

"யாரும் கூப்பிடல," என்றேன். "எங்க ஊர்ல கூப்பிடாம போக மாட்டோம். கூப்பிட்டாலும் மூணாவது தடவைக்குத்தான் எழுந்திருப்போம். முதல் நாள் நான் உட்கார்ந்து காத்திருந்தேன். எல்லாரும் என்னைத் தாண்டிப் போனீங்க. அதுக்கப்புறம் நான் எழுந்திருக்கல."

பின்வரிசையில் சிக்னே வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு சொன்னாள், இங்கே யாரையும் யாரும் கூப்பிட மாட்டார்களாம், நேரமானால் எழுந்து போவதுதானாம், எனக்கு விருப்பமில்லை என்று நினைத்துத் தொந்தரவு செய்யாமல் விட்டார்களாம். மரியாதைக்காக. நான்கு வருடம் மரியாதையாக விட்டிருக்கிறார்கள்! எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

குழு முக்கால் மணி நேரம் கதவைச் சாத்திக்கொண்டு பேசியது. ஜெயித்தேன். மூவரும் சம்மதம். அம்மாவிடம் சொன்னபோது, "இனி உன்ன டாக்டர்னு கூப்பிடணுமா?" என்று கேட்டுவிட்டு அழுதாள். கப்பல்காரன் பேச்சு வரவில்லை.

ஏப்ரல் வேலை இல்லை. அந்தத் திட்டத்தையே நிறுத்திவிட்டார்கள். நார்வேக்காரப் பேராசிரியர் தன் அட்டையைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்.

மார்ச் 30, திங்கள்

நேற்றுக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளினார்கள்.

காலை ஒன்பதரை. மரச்செருப்புகள் என் மூலையைத் தாண்டிப் போயின. யாரும் கூப்பிடவில்லை. எழுந்தேன், போனேன்.

யாரும் ஆச்சரியப்படவில்லை, இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தார்கள். ஒருவர் ரொட்டித் தட்டை என் பக்கம் தள்ளினார். காபி தண்ணியாக, கசப்பாக இருந்தது. குடித்தேன். இரண்டாவது குவளையும் ஊற்றிக்கொண்டேன். சிக்னே தன் எலிகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள்.

ஜன்னலோர நாற்காலி காலி. அது ஹோகனுடையது. இருபத்திரண்டு வருடத்தில் அவர் ஃபீகாவுக்கு வராத நாள் எது என்று யாரோ கேட்டார்கள். அப்போதுதான் கேட்டது. மரத்தரை வழியாக, நடைவழியின் அந்தக் கோடியிலிருந்து. டக், டக், டக், டக். நிதானமான மரச்செருப்பு. தொட்டிகளைச் சுற்றி ஒரு நடை, நிறுத்தம், மறுபடி ஒரு நடை. சிக்னே பேச்சை நிறுத்தினாள். மூத்த உதவியாளர் குவளையைக் கீழே வைத்தார். பதினெட்டுப் பேரும் அரை மணி நேரம் எதுவும் பேசாமல் அந்தக் காலடியைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

பத்து மணிக்கு நான்தான் முதலில் எழுந்தேன். ஒரு குவளையில் காபி ஊற்றி எடுத்துக்கொண்டு போனேன். ஹோகன் மூன்றாம் தொட்டியின் முன், திரையைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தார். நெற்றி வியர்த்திருந்தது.

"அதுங்க ஓய்வெடுக்கல, அப்படித்தானே?" என்றேன்.

அவர் திரும்பவில்லை. மூச்சை உள்ளுக்கு இழுத்தார், 'ஷ்ஷுப்' என்று.

குவளையைக் கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.